கயிறு திரித்தவரின் பெல்ட்

தாரெஸ்ஸலாமில் கயிற்றுக்கும் பொய்க்கும் ஒரே சொல்தான்: காம்பா. ஒருவன் கதை அளக்கத் தொடங்கினால் "கயிறு திரிக்காதே" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவோம். அவனும் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த முழத்தைத் திரிப்பான்.

கிப்வானா பாஸி துறைமுகத்தில் பாரந்தூக்கிகளின் இரும்புக் கயிறுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். துருப் பிடிக்காமல் கிரீஸ் பூசுவது, இழை அறுந்திருக்கிறதா என்று துணியால் தடவிப் பார்ப்பது, அறுந்தால் மாற்றுவது. பகலெல்லாம் அங்கே ஒரு கயிறு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இன்னொரு கயிறு என்று அவர் மனைவி சம்தா சொல்வாள்.

ஒருமுறை பாரந்தூக்கியின் கயிறு அறுந்து லாரி ஒன்று கீழே வர இருந்ததாம். கிப்வானா அறுந்த முனையை எட்டிப் பிடித்து அப்படியே நின்றுவிட்டாராம்.

"அப்புறம் யாரு வந்து காப்பாத்துனா?" என்று கேட்டாள் சம்தா, கல்யாணமான புதிதில்.

"யாரும் வரல. சாப்பாட்டு மணி அடிச்சிச்சு. மெதுவா கீழ வெச்சிட்டுச் சாப்பிடப் போயிட்டேன். பச்சை கலர் லாரி."

அந்தப் பச்சை நிறத்தில்தான் சம்தா மயங்கிப் போனாள். பொய் சொல்லும்போது அவருக்குக் குரல் பிசகாது, கண் அலையாது, தேவையில்லாத ஒரு சின்ன விவரம் கூடவே வந்து உட்காரும். கல்யாணத்துக்கு முன்பு, "என் வீட்டு ஜன்னல்லேருந்து பாத்தா சான்சிபார் தெரியும்" என்றிருந்தார். உபாங்காவில் அந்தப் பழைய கட்டடத்தின் ஒன்பதாம் மாடிக்கு வந்து பார்த்தால், யாராவது காலைப் பிடித்துக்கொள்ள ஜன்னல் வழியாக இடுப்பு வரை வெளியே சாய்ந்தால் கொஞ்சம் கடல் தெரிந்தது. சம்தா சண்டை போடவில்லை. அந்த வீட்டில் அவர்கள் ரேடியோவே வாங்கவில்லை. தேவைப்படவில்லை.

அவர் ஓய்வு பெற்றார், மகள் ஹவா கல்யாணமாகி மொரோகோரோவுக்குப் போனாள். சம்தா காலையில் கட்டடத்தின் கேட்டருகே அடுப்பு வைத்துப் பணியாரம் சுட்டு விற்றாள். தேங்காய்ப் பாலும் ஏலக்காயும் போட்ட அரிசிப் பணியாரம், விதும்புவா. டாக்ஸிக்காரர்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் அவள் அடுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று நிர்வாகக் குழுவுக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும்.

படகுத்துறை மீன் சந்தையின் ஈரத் தரையில் அவள் வழுக்கி விழுந்தது அந்தக் காலத்தில்தான். இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று பழைய லிஃப்ட் அவளை முக்கி முனகி மேலே கொண்டுவந்து சேர்த்தது. அது செய்த கடைசி நல்ல காரியம் அதுதான். கொஞ்ச நாளில் சோதனைக்கு வந்த அதிகாரி கயிறுகளைப் பார்த்துவிட்டுக் கதவுக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார். கடலின் உப்புக் காற்று இரும்புக் கயிற்றை நார் நாராக்கி வைத்திருந்தது.

சம்தாவின் எலும்பு கோணலாகச் சேர்ந்தது. வீட்டுக்குள் தடியூன்றி நடந்தாள். படி மட்டும் முடியாது. ஒருமுறை நாலு பையன்கள் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துக் கீழே தூக்கிப் போனார்கள். ஆறாவது மாடித் திருப்பத்தில் நாற்காலிக் கால் ஒன்று ஒடிந்தது. அவள் கட்டியிருந்த காங்காத் துணி அவிழ்ந்தது. மாடி மாடியாகக் கதவு திறந்து எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். "கரண்டு கம்பம் மாதிரி என்னைத் தூக்கிட்டுப் போனது போதும்," என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் பணியாரம் மட்டும் கூடையில் கயிறு கட்டிக் கீழே இறங்கியது. அவள் இறங்கவில்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: கீழே போய் அந்தக் கேட்டருகே நிற்க வேண்டும். அதை அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஜன்னலோரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான். கிப்வானாவுக்குப் புரிய அது போதுமாக இருந்தது.

குழுக் கூட்டத்தை ஒன்பதாம் மாடி நடைபாதையில்தான் வைக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். நிழல், காற்று, இஞ்சி டீ, சம்தாவின் பணியாரம் என்று ஆசை காட்டினார். மூச்சிரைக்க ஏறி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் யாருக்கும் லிஃப்ட் தேவையா என்ற கேள்வி எழவில்லை. எந்த லிஃப்ட் என்பதுதான் மிச்சம் இருந்தது. குழுத் தலைவர் லியிமோ, நாலாம் மாடிக்காரர், ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார், நெஞ்சைத் தடவிக்கொண்டே, "பேசு கிப்வானா, நீதானே கம்பெனி கம்பெனியா அலைஞ்ச," என்றார்.

கிப்வானா எழுந்தார். "இனி நம்ம லிஃப்டுக்குக் கயிறு வேணாம். ம்கண்டா வரப் போகுது."

எங்கள் மொழியில் ம்கண்டா என்றால் பெல்ட். இடுப்பைச் சுற்றி வருகிற அக்கிக்கும் அதே பெயர்.

"யாருக்கு வந்திருக்கு? இடுப்புலயா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சொறியாதீங்க, பரவிடும்!" என்றது இன்னொன்று.

சிரிப்பு அடங்கும் வரை கிப்வானா காத்திருந்தார். பிறகு சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். இரண்டு விரல் அகலம், கறுப்பு, தட்டை. "உள்ள மெல்லிசான இரும்புக் கம்பி இழைய முறுக்கி வரிசையா வெச்சிருக்காங்க. மேல ரப்பர் மாதிரி ஒரு பூச்சு. உப்புக் காத்து உள்ள போகாது, அதனால துருப்பிடிக்காதாம். எண்ணெய், கிரீஸ் ஒண்ணும் வேணாமாம். தட்டையா இருக்கிறதால சின்னச் சக்கரத்துலயே வளைஞ்சி ஓடுமாம், அதனால மோட்டாரும் சின்னது. பொட்டி அளவுதான். கரண்ட் போனா நம்ம ஜெனரேட்டரே இழுத்துரும்..." அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படித்தான் சொல்றாங்க."

"கயிறு!" என்று நடைபாதை முழுவதும் ஒரே குரலாகச் சொன்னது.

"கிப்வானா," என்றார் லியிமோ, "லாரியக் கையில புடிச்சிக்கிட்டு நின்னவன் நீ. அதக்கூட நம்பிட்டேன். கிரீஸ் போடாத கயிறா? பேன்ட்டு பெல்ட்டுல எட்டுப் பேரத் தொங்க விடப் போறியா?"

சம்தா டீ ஊற்றிக்கொண்டே தன் கணவரைக் கவனித்தாள். அவர் கண் அலைந்தது. குரல் இரண்டு இடத்தில் தொண்டையில் சிக்கியது. இத்தனை வருடத்தில் அவரை இப்படி அவள் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து பெர்ப்பெத்துவா என்ற இன்ஜினியர் பெண் வந்தாள். அவளும் ஒன்பது மாடி ஏறித்தான் வந்தாள். கிப்வானா சொன்னதையே, அதே வரிசையில், ஒரு சொல் கூட்டாமல் சொன்னாள். பெல்ட்டுக்குள் இருக்கும் கம்பிகள் வழியாக ஒரு சின்னப் பெட்டி எப்போதும் கொஞ்சம் மின்சாரம் அனுப்பிக்கொண்டே இருக்கும், கம்பி தேய்ந்தால் அது முன்கூட்டியே சொல்லிவிடும் என்று மட்டும் சேர்த்துக்கொண்டாள். நடைபாதை தலையாட்டியது. "படிச்ச புள்ள எவ்வளவு தெளிவா சொல்லுது பாரு," என்றார் லியிமோ. தீர்மானம் நிறைவேறியது. கிப்வானாவும் கைதட்டினார்.

வேலை நடந்த மாதங்களில் அவர் மொட்டைமாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடந்தே தேய்ந்தார். மாதிரித் துண்டு நீளமாக ஒன்று வேண்டும் என்று பெர்ப்பெத்துவாவை நச்சரித்து வாங்கினார். கரியாக்கோ சந்தையில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அதற்குப் பக்கிள் வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "என் பேன்ட்டும் நம்ம லிஃப்டும் இனிமே ஒரே பெல்ட்டுலதான்," என்று மாடி மாடியாகச் சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

ஒரு நாள் பெர்ப்பெத்துவா கோபமாகக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு கிரீஸ் டப்பா.

"அம்மா, உங்க வீட்டுக்காரர மேல அனுப்பாதீங்க. நான் பாக்கலைன்னா இத அள்ளிப் பூசியிருப்பாரு. கிரீஸ் பட்டா பெல்ட்டு சக்கரத்துல வழுக்கும். இதுக்கு எண்ணெயே ஆகாதுன்னு அவருக்கு எத்தனை தடவை சொல்றது?"

"அவரேதானே எல்லாருக்கும் சொன்னாரு, எண்ணெய் வேணாம்னு?"

"சொல்றாரு. நம்பத்தான் மாட்டேங்குறாரு."

சம்தா டப்பாவை வாங்கி அடுப்படியில் வைத்தாள். சாயங்காலம் அவர் வந்தபோது அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? அவருக்கே நம்பிக்கையில்லை.

லிஃப்டின் முதல் ஓட்டம் ஒரு சனிக்கிழமை. கீழே ரிப்பன் கட்டியிருந்தார்கள். கிப்வானா கூட்டத்துக்கு நடுவே நின்று, "பாருங்க, ரெண்டு கையையும் விட்டுட்டேன், பெல்ட்டு புடிச்சிருக்கு!" என்று கைகளை மேலே தூக்கினார். புதுப் பூச்சு வழவழவென்று இருந்ததில் பக்கிள் பிடி விட்டது. பேன்ட் கணுக்காலில் போய் விழுந்தது.

அந்தச் சிரிப்பு ஒன்பது மாடி ஏறி ஜன்னலுக்கு வந்தது. என்னவென்று எட்டிப் பார்க்க சம்தா தடியைத் தேடுவதற்குள் கதவருகே லியிமோவின் மனைவி ஐக்கா வந்து நின்றாள். இத்தனை வருடமாக ஒரு வம்பும் இவ்வளவு வேகமாக மேலே வந்ததில்லை.

"லிஃப்டுலயா வந்த?"

"பின்ன? ஒண்ணுமே தெரியல, சம்தா. வெண்ணெய் மாதிரி. அத விடு, உன் புருஷன் கதையக் கேளு..."

கிப்வானா மேலே வந்ததும், "அது பக்கிள் மேல தப்பு," என்றார். "பெல்ட்டு மேல ஒரு குத்தமும் இல்ல."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"வா. கீழ போலாம்."

அவள் வந்தாள். சிவப்புக் காங்காவை மாற்றிக் கட்டிக்கொண்டு லிஃப்டின் வாசல் வரைக்கும் வந்தாள். கதவு திறந்தது. உள்ளே விளக்கு, கண்ணாடி. சத்தமே இல்லை.

"பழசு வரும்போது முக்குறது கேக்கும். சரி, தூக்குதுன்னு தெரியும். இது என்ன, தூக்குதா, தூங்குதா?"

"பெல்ட்டு, அதான் சத்தமில்ல. இரும்பும் இரும்பும் உரசினாத்தான் சத்தம்."

"என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க. இது தாங்குமா?"

அவர் பார்த்தார். "தாங்கும்," என்றார். பிறகு அவர் பார்வை அவரை அறியாமல் கூரைப் பக்கம் போய் வந்தது. "தேவைக்குப் பல மடங்கு தாங்குமாம். அந்தப் பொண்ணு சொல்லிச்சு. நெசமாத்தான்... தாங்கும்."

சம்தா உள்ளே வைத்த காலைப் பின்னால் எடுத்தாள்.

"சத்தியமா சொல்றேன்."

"பச்சை லாரிக்கும் சத்தியம் பண்ணீங்க."

அவள் பயந்தது பெல்ட்டுக்கு என்று கட்டடத்தில் எல்லாரும் நினைத்தார்கள். கிழவிக்குப் புதுசு பிடிக்கவில்லை என்றார்கள். அவளுடைய கணக்கு வேறு. லாரியைப் பிடித்த கதையைச் சொல்லும்போது தடுமாறாத மனிதர் இதைச் சொல்லும்போது தடுமாறுகிறார் என்றால் இதில் ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது. அந்த மனிதருக்கு உண்மை பேசிப் பழக்கமில்லை, அதனால்தான் நாக்குத் தடுக்குகிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றுவதற்கு முன்மாதிரியும் இல்லை.

அவர் விடவில்லை. அரிசி மூட்டைகளை லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவந்து அவள் முன்னால் இறக்கினார். பள்ளிவாசல் இமாமை டீக்கு அழைத்து, லிஃப்டில் கூட்டிவந்து, "எப்படி இருந்துச்சு?" என்று அவள் காதுபடக் கேட்டார். இமாம், "அல்ஹம்துலில்லாஹ், வந்து சேந்துட்டோம்," என்றார். அதில் இருந்த நிம்மதி சம்தாவுக்குப் பிடிக்கவில்லை. பக்ரீதுக்கு வாங்கிய ஆட்டையும் லிஃப்டிலேயே ஏற்றினார். அது எதையோ மென்றுகொண்டே வெளியே வந்தது.

"பாரு, ஆடே பயப்படல."

"அதுக்கு நாளைக்கு என்ன ஆகப் போகுதுன்னு அதுக்கே தெரியாது."

கட்டடம் முழுவதும் ஏறி இறங்கியது. 'பெல்ட் வேண்டாம்' என்று கூட்டத்தில் உரக்கக் கத்தியவர்கள் ஒரு மாடி இறங்கக்கூட லிஃப்டுக்குக் காத்து நின்றார்கள். கரண்ட் போன நேரத்திலும் அது ஜெனரேட்டரில் ஓடியது. லியிமோ விருந்தினர்களிடம், "நாங்கதான் ரொம்ப யோசிச்சு இதத் தேர்ந்தெடுத்தோம்," என்று சொல்லிக்கொண்டார். யாருக்காக அது வந்ததோ அவள் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, கூடையைக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தாள். கிப்வானா கொஞ்ச நாளில் லிஃப்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். வேறு கதைகளுக்குத் திரும்பினார். அவற்றில் அவர் குரல் பழையபடி திடமாக இருந்தது. இரண்டு பேருக்கும் அது ஆறுதலாக இருந்தது.

அவர் போனதும் அப்படி ஒரு கதைக்கு நடுவில்தான். மதியம், கருவாட்டுக் குழம்பும் உகாலி என்கிற மக்காச்சோளக் களியும் சாப்பிட்டு முடித்து, துறைமுகச் சுங்க அதிகாரி ஒருவர் வளர்த்த கிளி, திருட்டுச் சரக்கு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டிக் கொடுக்கும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினார். கிளி என்ன நிறம் என்று சொல்லப் போகிறார் என்று சம்தா காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

மறுநாள் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஒருவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது. லிஃப்டை அளந்து பார்த்தார்கள். எட்டுப் பேர் நெருங்கி நிற்கலாம். ஒருவர் படுக்க முடியாது.

"கொஞ்சம் நிமித்தி, சாய்ச்சு வெச்சா..." என்றார் ஒருவர்.

"மையத்த நிக்க வெக்கவா?" என்றார் இமாம். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆகவே லிஃப்டைக் கொண்டுவந்த மனிதரைப் படி வழியாக இறக்கினார்கள். தோள் மாற்றித் தோள் மாற்றி ஆண்கள் தூக்கினார்கள். பெண்களோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த சம்தாவுக்கு எல்லாம் கேட்டது. திருப்பத்துக்குத் திருப்பம் சந்தூக் சுவரில் இடித்தது. "வடக்கால திருப்பு, வடக்கால!" என்று லியிமோ கத்தினார். "வாத்தியாரே, எது வடக்குன்னு சொல்லுங்க மொதல்ல!" என்று யாரோ மூச்சு வாங்கக் கேட்டார். எட்டாம் மாடி. ஏழாம் மாடி.

அவள் தடியை ஊன்றி எழுந்தாள்.

"எங்க கெளம்புற?" என்றாள் கிப்வானாவின் அக்கா மோஸா. "இத்தா இருக்க வேண்டியவ. வாசப்படி தாண்டக் கூடாது."

"கேட்டு வரைக்கும்தான், அண்ணி. வழியனுப்பிட்டு வந்துடறேன்."

"கேட்டுக்கா? எப்படிப் போவ? பறந்தா?"

ஐக்கா எழுந்து சம்தாவின் கையைப் பிடித்தாள். "நான் கூட்டிட்டுப் போறேன். எங்க வேதத்துல இத்தா கிடையாது."

"போறது நீயா, அவளா?" என்றாள் மோஸா. அதற்குள் அவர்கள் கதவைத் தாண்டியிருந்தார்கள்.

லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது. சம்தா வாசலில் நிற்கவில்லை. நின்றால் நின்றுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே போய், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, ஐக்காவின் தோளை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். கதவு மூடியது. எதுவும் முனகவில்லை, எதுவும் குலுங்கவில்லை.

"என்ன, கெளம்பவே மாட்டேங்குது?" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

"தோள விடு, வலிக்குது," என்றாள் ஐக்கா. "வந்துட்டோம்."

கதவு திறந்தது. வெயில் தரையில் கிடந்தது. கேட்டு, கேட்டுக்கு அந்தப் பக்கம் சாலை, சாலையில் மூன்று சக்கர பஜாஜ் வண்டிகள். சம்தா வெளியே காலை வைத்தாள். படிக்கட்டின் மேலே எங்கோ லியிமோவின் குரல் இன்னும் திசை சொல்லிக்கொண்டிருந்தது.

வியர்வையில் ஊறிய சட்டைகளோடு அவர்கள் கடைசித் திருப்பத்தில் வந்தபோது படியடியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். முன்னால் பிடித்திருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவர் மேல் மோதி என்னவென்று திட்டி, பிறகு அவர்களும் பார்த்துவிட்டு அடங்கினார்கள். சந்தூக்கை இடுப்பளவுக்குத் தாழ்த்தினார்கள்.

சம்தா அதன் மேல் போர்த்தியிருந்த பச்சைத் துணியில் கையை வைத்தாள்.

"இவ்வளவு நல்லா இருக்கிறத ஏங்க அவ்வளவு மோசமா சொன்னீங்க?" என்றாள். கோபம்தான் அது, வேறொன்றுமில்லை. "கண்ணு ஒரு பக்கம், வாயி ஒரு பக்கம். பொய் சொல்ற மாதிரி நல்லா சொல்லியிருக்கக் கூடாதா? அப்பவே வந்திருப்பேனே."

லியிமோ வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இமாம் கலிமாவைத் தொடங்கினார். தோள்கள் மறுபடி உயர்ந்தன. கேட்டு வரைக்கும் அவள் கூடவே நடந்தாள். வண்டி திரும்பி மறையும் வரை, அடுப்பு வைத்த இடத்தில், கால் வலிக்க நின்றாள். டாக்ஸிக்காரர் ஒருவர் இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினார். அவள் தலையசைத்தாள்.

ஒன்பதாம் மாடி ஜன்னலிலிருந்து மோஸாவின் குரல் இறங்கி வந்தது.

"சம்தா! இன்னும் அங்க என்ன பண்ற? ஊரு என்ன சொல்லும்? மேல வா! எப்படி வரப் போற நீ!"

சம்தா நிமிர்ந்து பார்த்து, கையை வாயருகே குவித்து, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"வந்துட்டேன் அண்ணி! நீங்க ஜன்னலச் சாத்துறதுக்குள்ள வந்துடுவேன்!"